தொலைநோக்கி மவுண்ட்டைக் கணினியோடு இணைப்பது எப்படி: மொரீசியஸ் வானத்துக்கான முழுமையான சீரியல் வழிகாட்டி

கணினித் திரையில் ஒரு விண்மீனைச் சொடுக்கினால் மொட்டைமாடியில் நிற்கும் தொலைநோக்கி அதை நோக்கித் திரும்ப வேண்டும். கணினிக்கும், தொலைநோக்கியைத் தாங்கி மோட்டாரால் திருப்பும் மவுண்ட்டுக்கும் நடுவே தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் சீரியல் இணைப்பு இது. அதில் ஓடுவது மூன்றே கம்பிகள்: அனுப்ப ஒன்று, பெற ஒன்று, கிரவுண்ட் ஒன்று. வேகம் பெரும்பாலும் 9600 பாட், அதாவது நொடிக்கு 9600 பிட். ஓர் எழுத்துக்குத் தொடக்க பிட், எட்டுத் தரவு பிட், முடிவு பிட் என 10 பிட் செலவாவதால் நொடிக்கு 960 எழுத்துக்கு மேல் போகாது. மவுண்ட்டுக்கு அது தாராளம்.

முறை எளியதுதான். ஆனால் பழுதானால் எங்கே பழுது என்று அது சொல்லாது. மின்னழுத்தம், கேபிள், டிரைவர், வேகம், கட்டளை மொழி ஆகிய ஐந்தில் எது தவறினாலும் திரையில் வருவது ஒரே வாசகம்: இணைக்க முடியவில்லை. அதனால் கீழ்ப்படியிலிருந்து ஏறுங்கள். ஒரு படி உறுதியான பிறகே அடுத்த படி. மவுண்ட்டை நகர்த்தும் கட்டளை கடைசியில்தான்.

இங்கே வரும் இட, நேர எடுத்துக்காட்டுகள் போர்ட் லூயிஸுக்கானவை. ரீயூனியனில் இருப்பவர்கள் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். நேர மண்டலம் இரண்டு தீவுக்கும் ஒன்றே.

எந்தத் துளை எதற்கு

கேபிளைக் கையில் எடுக்கும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மவுண்ட் எரிந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தொலைபேசிப் பிளக் போல ஒரே தோற்றத்தில் மூன்று நான்கு துளைகள் இருக்கும். ஒன்றுக்கான பிளக் இன்னொன்றில் தடையில்லாமல் நுழையும்.

செலஸ்ட்ரான் நெக்ஸ்டார் வகைகளில் சீரியல் துளை ஹேண்ட்செட்டின் (மவுண்ட்டை இயக்கும் கைப்பெட்டியின்) அடிப்பக்கத்தில் இருக்கிறது. பழைய தொலைபேசி ரிசீவரின் சுருள் கம்பியில் இருக்குமே, அந்த அளவிலான நான்கு பின் துளை. மவுண்ட்டின் உடம்பில் இருக்கும் ஆறு பின் துணைத் துளைகள் வேறு. அவற்றில் 12 வோல்ட் ஓடுகிறது, வேகமும் 19200. சீரியல் கேபிளை அங்கே செருகினால் கணினியின் போர்ட்டோ மவுண்ட்டின் சுற்றோ போய்விடும்.

ஸ்கை-வாட்சர் மவுண்ட்டுகளில் ஹேண்ட்செட் தனக்கு வேண்டிய மின்சாரத்தை மவுண்ட்டிலிருந்தே எடுக்கிறது. அப்படியென்றால் ஹேண்ட்செட்டைச் செருகும் மவுண்ட் துளையில் 12 வோல்ட் நிற்கிறது என்று பொருள். ஹேண்ட்செட் இல்லாமல் கணினியை நேரே மவுண்ட்டில் இணைக்க விரும்புவோர் அந்த 12 வோல்ட் பின்னைத் தொடாத கேபிளைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்த இணைப்பு டிடிஎல் நிலையில், அதாவது எதிர்மின்னழுத்தம் இல்லாத 3.3 அல்லது 5 வோல்ட்டில் இயங்குவது. எதிர்மின்னழுத்தமும் அனுப்பும் வழக்கமான சீரியல் முறையான ஆர்எஸ்-232இன் கேபிளை அதில் மாட்டவே கூடாது. பக்கத்திலேயே ஆட்டோகைடருக்கான (கேமராவால் விண்மீனைப் பார்த்து மவுண்ட்டைத் திருத்தும் கருவிக்கான) ஆறு பின் துளையும் இருக்கும். அதில் தரவு எதுவும் போவதில்லை, நான்கு திசைகளுக்கான சுவிட்ச் கம்பிகள் மட்டுமே. துளைகளுக்குப் பக்கத்தில் வண்ண நாடா ஒட்டி, கேபிளின் முனையிலும் அதே நிறத்தை ஒட்டிவிடுங்கள். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் பிரித்தறிய முடியாது. வெள்ளை நாடாவில் கறுப்புக் கோடுகள் போட்டு எண்ணிக்கையால் அடையாளம் வைப்பது நல்லது.

புதிய கருவிகளில் நேரடி யுஎஸ்பி உண்டு. நெக்ஸ்டார் பிளஸ் ஹேண்ட்செட்டின் பிந்தைய பதிப்புகளில் மினி யுஎஸ்பி, ஸ்கை-வாட்சரின் சின்ஸ்கேன் ஹேண்ட்செட் ஐந்தாம் பதிப்பில் பிரிண்டர் கேபிள் போடும் சதுரத் துளை. உள்ளே இருப்பது அதே சீரியல்தான். மாற்றிச் சிப்பை உள்ளேயே வைத்துவிட்டார்கள். ஸ்கை-வாட்சரின் ஈக்யூ6-ஆர் மவுண்ட்டின் உடம்பிலேயே இருக்கும் யுஎஸ்பி துளைக்கு வேகம் 9600 அல்ல, 115200. இதை மாற்ற மறந்து, கேபிளைக் குறைசொல்பவர்கள் நிறைய.

வேண்டிய பொருட்கள்

ஹேண்ட்செட்டுக்கு அதன் தயாரிப்பாளர் தரும் சீரியல் கேபிள் 1. யுஎஸ்பி-ஆர்எஸ்-232 மாற்றி 1. மல்டிமீட்டர் 1. ஒன்பது பின் பெண் கனெக்டர் 1, லூப்பேக் சோதனைக்கு (அனுப்பியது அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்க்க). தூரம் கூடுதலாக இருந்தால் ஒன்பது பின் ஆண்-பெண் நேர் நீட்டிப்புக் கேபிள், 5 மீட்டர் வரை. கேபிளில் மாட்டும் ஃபெரைட் வளையம் 2. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 100 மில்லி, பஞ்சுக்குச்சி, வெல்க்ரோ பட்டை ஆறேழு.

தூரத்தைச் சமாளிக்க யுஎஸ்பி பக்கத்தை நீட்டாதீர்கள். யுஎஸ்பி 2.0 கேபிளின் எல்லை 5 மீட்டர். ஆர்எஸ்-232 கேபிள் 15 மீட்டர் வரை தாங்கும். மாற்றியைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்து, சீரியல் பக்கத்தை நீட்டுவதே சரி. டிடிஎல் இணைப்புக்கு இது நேர்மாறு. அங்கே மாற்றி மவுண்ட்டுக்கு அருகில் இருக்க வேண்டும், டிடிஎல் கம்பி ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் போகக் கூடாது.

தொலைபேசிக் கம்பியை வெட்டிச் சொந்தமாகக் கேபிள் செய்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. தொலைபேசிக் கம்பிகளில் பெரும்பாலும் இரு முனைகளும் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருக்கும். நிறத்தை நம்பாமல் ஒவ்வொரு பின்னையும் மல்டிமீட்டரின் தொடர்ச்சிச் சோதனையில் சரிபாருங்கள்.

முதல் படி: கணினி இல்லாமல் மல்டிமீட்டர்

மவுண்ட்டுக்கு மின்சாரம் கொடுங்கள். கேபிளை ஹேண்ட்செட்டில் மட்டும் செருகுங்கள். மறுமுனையின் ஒன்பது பின் கனெக்டர் எதிலும் மாட்டாமல் இருக்கட்டும். பின் எண்கள் பிளாஸ்டிக்கில் சிறிதாக அச்சாகியிருக்கும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையை 5ஆம் பின்னில் வையுங்கள். அதுதான் கிரவுண்ட்.

சிவப்பு முனையை 2ஆம் பின்னில் வைத்தால் எதிர்மின்னழுத்தம் தெரிய வேண்டும். வழக்கமாக −5 முதல் −12 வோல்ட். −3க்கும் −15க்கும் இடையில் எதுவானாலும் ஆர்எஸ்-232 முறைப்படி சரி. இது ஹேண்ட்செட் அனுப்பும் கம்பி, எதுவும் பேசாமல் ஓய்ந்திருக்கும் நிலை. 3ஆம் பின்னில் 0க்கு அருகில் வரும், அது ஹேண்ட்செட் கேட்கும் கம்பி. இரண்டும் இடம் மாறியிருந்தால் கேபிள் குறுக்காகப் போடப்பட்டது. அப்போது மட்டுமே குறுக்குக் கேபிள் அல்லது குறுக்கு அடாப்டர் தேவை. தயாரிப்பாளரின் கேபிளுக்கு அது தேவையில்லை. போட்டால் வேலை செய்யாது.

+3.3 அல்லது +5 வோல்ட் தெரிந்தால் அது டிடிஎல். உடனே நிறுத்துங்கள். ஆர்எஸ்-232 மாற்றி அனுப்பும் எதிர்மின்னழுத்தம் அந்தச் சிப்பைக் கொன்றுவிடும்.

2ஆம் பின்னில் 0 வந்தால் பழுது என்று உடனே முடிவுசெய்ய வேண்டாம். சில கருவிகள் எதிர்மின்னழுத்தத்தைத் தாமே உண்டாக்காமல் கணினி அனுப்பும் கம்பியிலிருந்து கடன் வாங்கும். மாற்றியை இணைத்த நிலையில் இன்னொரு முறை அளந்து பாருங்கள்.

இரண்டாம் படி: மாற்றியும் டிரைவரும்

மாற்றி வாங்கும்போது உள்ளே இருக்கும் சிப் எது என்று கேட்டு வாங்குங்கள். எஃப்டிடிஐ சிப்புக்கு எங்கள் முதல் ஓட்டு. விலை கூடுதல்தான், ஆனால் ஓர் இரவு முழுக்க விழுந்துவிடாமல் நிற்கும். புரோலிஃபிக் பிஎல்2303 சிப்பின் பழைய வகைகளை விண்டோஸ் 10, 11க்கான புதிய டிரைவர்கள் ஏற்பதில்லை. சாதன மேலாளரில் மஞ்சள் முக்கோணமும், இந்தச் சிப் 2012 முதல் கைவிடப்பட்டது என்ற செய்தியும் வரும். பழைய டிரைவரைத் தேடி நிறுவி ஓட்டலாம். விண்டோஸ் அடுத்த புதுப்பித்தலில் அதை மாற்றிவிடும். சிஎச்340 மலிவானது, மவுண்ட் ஒன்றுக்கு மட்டும் என்றால் போதுமானது.

விண்டோஸில் செருகியதும் சாதன மேலாளரில் காம் போர்ட் எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். மாற்றியை வேறு யுஎஸ்பி துளைக்கு மாற்றினால் இந்த எண் மாறக்கூடும், ஆகவே எப்போதும் ஒரே துளை. பழைய மென்பொருட்கள் சில ஒற்றை இலக்கக் காம் எண்களை மட்டுமே காட்டும். 14, 17 என்று வந்திருந்தால் மேம்பட்ட அமைப்புகளில் போய் 9க்குள் மாற்றிவிடுங்கள். மின்சேமிப்புத் தாவலில் “இச்சாதனத்தை அணைக்கக் கணினிக்கு அனுமதி” என்ற பொருளில் இருக்கும் குறியை நீக்குங்கள். நீக்காவிட்டால் இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டு ஓசையில்லாமல் இணைப்பு அறும்.

லினக்ஸில் மாற்றி டிடிஒய்யுஎஸ்பி0 என்ற பெயரில் தோன்றும். அதைத் திறக்க உங்கள் பயனர் கணக்கு டயல்அவுட் குழுவில் இருக்க வேண்டும். சேர்த்த பிறகு வெளியேறி மறுபடி நுழையுங்கள். உபுண்டு 22.04இல் சிஎச்340 மாற்றி தோன்றிய உடனே மறைந்துபோனால், பிரெய்ல் திரைக்கான பிஆர்எல்டிடிஒய் சேவை அதைத் தனதென்று எடுத்துக்கொண்டிருக்கும். பிரெய்ல் கருவி பயன்படுத்தாதவர்கள் அந்தச் சேவையை நீக்கிவிடலாம்.

அடுத்து லூப்பேக். தனியாக வாங்கிய பெண் கனெக்டரில் 2ஆம் பின்னையும் 3ஆம் பின்னையும் ஒரு சிறு கம்பியால் சோல்டர் செய்து மாற்றியில் மாட்டுங்கள். புட்டி போன்ற டெர்மினல் மென்பொருளில் சீரியலைத் தேர்ந்து, காம் எண், 9600, எட்டுத் தரவு பிட், பாரிட்டி இல்லை, ஒரு முடிவு பிட் எனக் கொடுத்துத் திறந்து எதையாவது தட்டுங்கள். தட்டியது திரையில் தெரிய வேண்டும். கனெக்டரைக் கழற்றியதும் தெரியக் கூடாது. இரண்டு விடையும் வந்தால் கணினி, டிரைவர், மாற்றி மூன்றும் குற்றமற்றவை.

புட்டியில் ஃப்ளோ கன்ட்ரோல் என்ற இடம் தானாகவே எக்ஸான்-எக்ஸாஃப் என்று நிற்கும். அதை “இல்லை” என்று மாற்றியே ஆக வேண்டும். அந்த முறையில் 17, 19 என்ற இரு பைட்டுகள் “அனுப்பு”, “நிறுத்து” என்ற கட்டளைகளாகிவிடும். மவுண்ட் நேரத்தைச் சொல்லும்போது மாலை 7 மணி என்பது 19 என்ற ஒரே பைட். அது வந்ததும் கணினி அனுப்புவதை நிறுத்திவிடும். மாலை 7 முதல் 8 வரை மட்டும் தொங்கிப்போகும் மவுண்ட்டுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது கடினம்.

மூன்றாம் படி: முதல் சொல்

எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கேபிளை இணைத்து, பிறகு மவுண்ட்டுக்கும் கணினிக்கும் மின்சாரம் கொடுங்கள். டெர்மினலைத் திறக்கவும்.

செலஸ்ட்ரான், சின்ஸ்கேன் ஹேண்ட்செட்டுகளில் எதிரொலிக் கட்டளை ஒன்று உண்டு. பெரிய கே எழுத்தும் (75; அடைப்பில் இருப்பது எழுத்தின் ஆஸ்கி எண்) அதை ஒட்டியே சிறிய எக்ஸ் எழுத்தும் (120) தட்டினால், எக்ஸும் அதன்பின் # குறியும் திரும்பி வரும். இது வந்துவிட்டால் கம்பி வேலை முடிந்தது. பதில் இல்லாவிட்டால் வேகத்தையும் கேபிளையும் பாருங்கள். குப்பை எழுத்துகள் வந்தால் பெரும்பாலும் வேகம் தவறு.

மீட் ஆட்டோஸ்டார், எல்எக்ஸ்200 வகைகளிலும், அதே மொழி பேசும் ஆன்ஸ்டெப் கட்டுப்பாட்டுப் பலகைகளிலும் இப்படிச் செய்யுங்கள்: முக்காற்புள்ளி (58), பெரிய ஜி (71), பெரிய ஆர் (82), # (35). மவுண்ட் தன் வல ஏற்றத்தை (வானில் கிழக்கு-மேற்கு இருப்பிடத்தை) மணி, நிமிடம், நொடி என்று சொல்லும். நம் தீவில் பல மடிக்கணினிகளில் பிரெஞ்சு அசெர்ட்டி விசைப்பலகைதான். அதில் # வேண்டுமானால் ஆல்ட்-ஜிஆர் விசையோடு 3. ஷிஃப்ட்டும் 3ம் தட்டினால் எண் 3தான் போகும், மவுண்ட் கட்டளையின் முடிவுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும்.

ஸ்கை-வாட்சர் மவுண்ட்டோடு ஹேண்ட்செட் இல்லாமல் நேரே பேசும்போது மொழி மூன்றாவது வகை. முக்காற்புள்ளி, சிறிய ஈ (101), 1, என்டர் (13) என்று அனுப்பினால் சம அடையாளத்தில் (61) தொடங்கும் பதிப்பு எண் வரும். ஆச்சரியக்குறியில் (33) தொடங்கினால் கட்டளையை மவுண்ட் மறுக்கிறது, ஆனால் கம்பி நன்றாக இருக்கிறது. ஹேண்ட்செட் வழியாகவே இம்மொழியைப் பேச அதன் பயன்பாட்டுப் பட்டியலில் பிசி நேரடி நிலை இருக்கிறது. அந்த நிலையில் எதிரொலிக் கட்டளை வேலை செய்யாது. ஒரே ஹேண்ட்செட் இரு நிலையில் இரு மொழி பேசுவது தெரியாமல் மணிக்கணக்கில் தேடுவார்கள்.

எண்களைப் படிக்கும் விதம்

சொந்தமாக நிரல் எழுதுவோருக்கு இந்தப் பகுதி. மற்றவர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் பழுது கண்டுபிடிக்க இது உதவும்.

செலஸ்ட்ரான், சின்ஸ்கேன் ஹேண்ட்செட்டுகள் பேசும் நெக்ஸ்டார் மொழியில் பெரிய ஈ (69) அனுப்பினால் வல ஏற்றமும் விலக்கமும் (வடக்கு-தெற்கு இருப்பிடமும்) நான்கு நான்கு இலக்கங்களாக, நடுவே காற்புள்ளி, முடிவில் # என்று வரும். அவை பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்கள். ஒரு முழுச் சுற்றை 65536 பங்காக்கி எத்தனையாவது பங்கு என்று சொல்பவை. 4000 என்றால் கால் சுற்று, 90 பாகை. 8000 என்றால் 180 பாகை.

நம் அகத்திய நட்சத்திரத்தையே, அதாவது கனோபஸை எடுத்துக்கொள்வோம். தைப்பூசக் காவடி நாட்களில் இரவு 10 மணி வாக்கில் தெற்கே ஏறக்குறைய 57 பாகை உயரத்தில் நிற்கும். ஹேண்ட்செட்டை அலைன் செய்ய, அதாவது தெரிந்த விண்மீனைக் காட்டி வானத்தோடு பொருத்த, இதைவிட நல்ல விண்மீன் நமக்கு அப்போது இல்லை. வல ஏற்றம் 6 மணி 24 நிமிடம், அதாவது 96 பாகை. 96ஐ 360ஆல் வகுத்து 65536ஆல் பெருக்கினால் 17476. பதினாறடிமானத்தில் அது 4444. விலக்கம் −52°42′. எதிர்மதிப்பு இம்மொழியில் கிடையாது, ஆகவே 360ஐக் கூட்டி 307.3 பாகை, எண் 55942. படிக்கும்போது 180க்கு மேல் வந்தால் 360ஐக் கழிக்க வேண்டும். தென் அரைக்கோளத்தில் இதை மறந்த நிரல் பாதி வானத்தைத் தவறாகக் காட்டும்.

இந்த முறையில் ஒரு பங்கு ஏறக்குறைய 20 வில்நொடி (ஒரு பாகைக்கு 3600 வில்நொடி). அது போதாதவர்கள் சிறிய ஈ (101) அனுப்பினால் எட்டு எட்டு இலக்கமாக வரும். பதில் 18 எழுத்து, 9600இல் அது வந்துசேர 19 மில்லிநொடி.

பதில் # குறியில் முடிகிறது என்பதால் “# வரும்வரை படி” என்று எழுதத் தோன்றும். நிலை கேட்கும் கட்டளைகளுக்கு அது சரி. நேரம், இடம் கேட்கும் கட்டளைகளுக்கு அது ஆபத்து, ஏனென்றால் # குறியின் எண் மதிப்பு 35. மணி 8:35 ஆகும்போது நிமிட பைட்டே # ஆகிவிடும், நிரல் பாதியில் நின்றுவிடும். நேரத்துக்கும் இடத்துக்கும் 8 பைட்டும் ஒரு முடிவுக் குறியும் என எண்ணி, சரியாக 9 பைட் படியுங்கள்.

இன்னும் ஒன்று. “அலைன் ஆகிவிட்டதா” என்று பெரிய ஜே (74) கேட்டால் பதில் பைட் 0 அல்லது 1. “இன்னும் ஓடுகிறாயா” என்று பெரிய எல் (76) கேட்டால் பதில் எழுத்து வடிவில், அதாவது 48 அல்லது 49. இரண்டையும் ஒரே விதமாகப் படித்தால் மவுண்ட் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதாகவே தோன்றும். ஹேண்ட்செட் பதில் சொல்ல மோசமான நிலையில் 3.5 நொடி வரை எடுக்கலாம். காத்திருப்பு நேரத்தை 4 நொடியாக வையுங்கள். நிலையை நொடிக்கு ஒரு முறை கேட்டால் போதும்.

எல்எக்ஸ்200 மொழியில் வேறு பொறி. இடம், இலக்கு ஆகியவற்றைக் கொடுக்கும் கட்டளைகளுக்குப் பதில் ஒரே ஒரு 0 அல்லது 1. பின்னால் # வராது. இலக்கை நோக்கித் திரும்பு என்னும் கட்டளைக்கு 0 என்றால் “சரி, கிளம்பிவிட்டேன்” என்று பொருள். இலக்கு கொடுக்கும் கட்டளைகளிலோ 1தான் “சரி”.

தெற்கும் கிழக்கும்

இணைப்பு வேலை செய்தும் தொலைநோக்கி வெற்று வானத்தைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இங்கே. மென்பொருட்கள் பலவும் வடக்கு அட்சரேகை, மேற்குத் தீர்க்கரேகையில் வாழ்பவர்களை மனதில் வைத்துத் தொடங்கியவை. நாம் தெற்கு, கிழக்கு.

போர்ட் லூயிஸ் 20°10′ தெற்கு, 57°30′ கிழக்கு. நெக்ஸ்டார் மொழியில் இடம் கொடுக்கும் கட்டளை பெரிய டபிள்யூ (87). அதன்பின் எட்டு பைட்: 20, 10, 0, 1, 57, 30, 0, 0. நான்காவதாக வரும் 1 தெற்கைக் குறிக்கும். கடைசி 0 கிழக்கு. நேரத்துக்குப் பெரிய எச் (72). 2026 ஜூலை 14, இரவு 8:15 என்றால் 20, 15, 0, 7, 14, 26, 4, 0. மாதம் முதலில், நாள் பிறகு. ஏழாவது பைட் நேர மண்டலம். கடைசி பைட் கோடைநேரம், நமக்கு எப்போதும் 0. மொரீசியஸில் 1982-83இலும் 2008-09இலும் கோடைநேரம் சோதித்துப் பார்க்கப்பட்டு, பிறகு கைவிடப்பட்டது. விண்டோஸில் நேர மண்டலப் பட்டியலில் போர்ட் லூயிஸ் என்றே ஒன்று இருக்கிறது, அதையே தேர்ந்தெடுங்கள்.

எல்எக்ஸ்200 மொழியில் தீர்க்கரேகை மேற்கு நோக்கி எண்ணப்படுகிறது. நம் 57°30′ கிழக்கு அங்கே 302°30′. நேர மண்டலமும் தலைகீழ்: உள்ளூர் நேரத்தோடு எத்தனை மணி கூட்டினால் உலக நேரம் வரும் என்று கேட்கிறது, ஆகவே −4. மவுண்ட்டையும் வானியல் மென்பொருட்களையும் இணைக்கும் தளங்களான இண்டி, அஸ்காம் ஆகியவற்றின் டிரைவர்கள் இந்த மாற்றத்தைத் தாமே செய்துவிடும். சொந்த நிரலில் நீங்கள்தான் செய்ய வேண்டும்.

பிரெஞ்சு மொழியில் நிறுவிய விண்டோஸில் பதின்மப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. சில மென்பொருட்கள் −20.17ஐ எடுத்துக்கொள்ளாது, அல்லது −2017 என்று படிக்கும். வட்டார அமைப்புகளில் பதின்மக் குறியைப் புள்ளியாக மாற்றிவிடுங்கள். ரீயூனியனில் ஏறக்குறைய எல்லாக் கணினியிலும் இது வரும்.

பின்தொடரும் திசையும் முக்கியம். நெக்ஸ்டார் மொழியில் பெரிய டி (84), பிறகு பைட் 3 என்றால் தென் அரைக்கோளத்துக்கான மத்தியரேகை (ஈக்குவட்டோரியல்) முறை. 2 என்றால் வடக்கு. 2 போய்விட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். வான நடுவரைக்கு (புவி நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோட்டுக்கு) அருகில் உள்ள விண்மீன் நொடிக்கு 30 வில்நொடி விலகி, ஒரு நிமிடத்தில் முழுநிலவின் அகலம் அளவு ஓடிவிடும். கண்ணருகு வில்லையில் இதைப் பார்த்தால் மோட்டார் பழுது என்று எண்ணிவிடாதீர்கள்.

வானியல் மென்பொருள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். விண்டோஸில் அஸ்காம் தளத்தையும் மவுண்ட்டுக்கான டிரைவரையும் நிறுவுங்கள். லினக்ஸில் இண்டியும் கேஸ்டார்ஸும். ஒரு சீரியல் போர்ட்டை ஒரே நேரத்தில் ஒரு மென்பொருள்தான் திறக்க முடியும். புட்டியை மூடாமல் விட்டிருந்தால் வேறெதுவும் இணையாது. வரைபட மென்பொருளும் படம்பிடிக்கும் மென்பொருளும் ஒன்றாக இயங்க வேண்டுமானால் இரண்டும் அஸ்காம் அல்லது இண்டி டிரைவர் வழியாகவே போக வேண்டும். எதுவும் போர்ட்டை நேரே தொடக் கூடாது.

ஸ்டெல்லேரியத்தில் தொலைநோக்கியைச் சேர்க்கும்போது ஆயத்தொலைவு 2000ஆம் ஆண்டுக்கா இன்றைய நாளுக்கா என்று கேட்கும். செலஸ்ட்ரான், மீட் ஹேண்ட்செட்டுகள் இன்றைய நாளையே பயன்படுத்துகின்றன. தவறாகத் தேர்ந்தால் பொருட்கள் தள்ளி விழும்: புவி அச்சு ஆண்டுக்கு 50 வில்நொடி நகர்வதால் 2026இல் அந்த விலகல் வானின் சில பகுதிகளில் பாகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும்.

மின்சாரமும் எர்த்தும்

சீரியல் பழுது என்று தோன்றுவதில் கணிசமானது மின்சாரப் பழுது. இரு மோட்டாரும் ஒன்றாக வேகமெடுக்கும்போது மின்னழுத்தம் சரிந்து கட்டுப்பாட்டுப் பலகை மறுதொடக்கம் ஆகிறது, இணைப்பு அறுகிறது. ஈக்யூ6-ஆர் போன்ற மவுண்ட்டுக்கு 11 முதல் 16 வோல்ட், 4 ஆம்பியர் தரக்கூடிய மூலம் வேண்டும். கம்பியின் தடிமனும் கணக்கில் வரும். 0.75 சதுர மி.மீ. கம்பியில் 5 மீட்டர் தூரத்துக்கு 3 ஆம்பியர் போனால், போகவும் வரவும் சேர்த்து 0.7 வோல்ட் வீணாகும். 2.5 சதுர மி.மீ. கம்பியில் அது 0.2. மீட்டரை மவுண்ட்டின் பிளக்கில் வைத்து, ஓடும்போது அளங்கள். நிற்கும்போது அளந்து பயனில்லை.

நம் வீடுகளில் மூன்று தட்டைப் பின் பிளக்கும் இரண்டு உருண்டைப் பின் பிளக்கும் கலந்தே இருக்கின்றன. இரண்டு பின் அடாப்டரில் எர்த் கிடையாது. அப்படிப்பட்ட அடாப்டரில் மடிக்கணினியும் வேறொன்றில் மவுண்ட்டும் ஓடும்போது, இரண்டின் கிரவுண்டுக்கும் இடையில் கசிவு மின்னழுத்தம் நிற்கும். சீரியல் கேபிளைச் செருகும் கணத்தில் அது தரவுப் பின் வழியே பாயலாம். இணைத்த பிறகே மின்சாரம் என்று முன்னே சொன்னது இதற்காகத்தான். மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டுவது இன்னும் நல்லது.

உப்புக்காற்றில் கனெக்டர்கள்

தென்கிழக்கு வாணிபக்காற்று கடல் உப்பைக் கொண்டுவந்து போடும் மாபூர், பெல்மார் பக்கத்தில் கனெக்டரின் பின்கள் விரைவில் மங்கும். கியூர்பிப்பில் உப்பு குறைவு, ஈரம் அதிகம். எங்கானாலும் அறிகுறி ஒன்றே: கேபிளை அசைத்தால் இணைப்பு வரும், விட்டால் போகும். மாதம் ஒருமுறை பின்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பிறகு செருகுங்கள். கேபிள் முதலில் கீழே தொங்கி, பிறகு மேலேறிக் கனெக்டருக்குப் போகட்டும். பனிநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். மவுண்ட்டின் நகரும் பகுதியில் வெல்க்ரோவால் கட்டி, இரு அச்சுகளும் முழுதாகச் சுழல இடம்விட்டுத் தளர்வு வையுங்கள். செலஸ்ட்ரான் ஹேண்ட்செட்டில் கேபிள் சுற்றுத் தடுப்பு அமைப்பு உண்டு, அதை இயக்கி வையுங்கள். இல்லையேல் மவுண்ட் ஒரே திசையில் சுற்றிச் சுற்றிக் கேபிளைப் பிடுங்கிவிடும்.

அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

மவுண்ட் நிற்கும்போது நன்றாகப் பேசி, ஓடத் தொடங்கியதும் தொடர்பு அறுந்தால் மின்னழுத்தத்தை அளங்கள். அது சரியாக இருந்தால் மோட்டார் இரைச்சல். கேபிளின் இரு முனைக்கும் ஒவ்வொரு ஃபெரைட் வளையம் மாட்டி, மின்கம்பியிலிருந்து சீரியல் கம்பியைப் பிரித்துக் கொண்டுபோங்கள்.

எதிரொலி வருகிறது, ஆனால் ஒரு விண்மீனை நோக்கித் திரும்பும்படி சொன்னால் மவுண்ட் அசையவில்லை என்றால் அலைன் முடியவில்லை. ஹேண்ட்செட்டில் முடித்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

வடக்கே உள்ள விண்மீனுக்குச் சரியாகப் போகிறது, தெற்கே தவறுகிறது என்றால் விலக்கத்தின் குறியில் பிழை. கிழக்கே சொன்னால் மேற்கே திரும்பினால் தீர்க்கரேகை அல்லது நேர மண்டலம். எல்லாமே ஏறக்குறைய 15 பாகை தள்ளி நின்றால் கோடைநேரம் இயங்கிக்கொண்டிருக்கிறது.

நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை, புயல் பருவத்தில், மவுண்ட் நிரந்தரத் தூணில் நின்றாலும் சீரியல் கேபிளை இரு முனையிலும் கழற்றி வையுங்கள். பக்கத்தில் இடி விழுந்தால் நீண்ட கேபிள் ஆன்டெனாவாகிவிடும். மாற்றி, கணினி, கட்டுப்பாட்டுப் பலகை மூன்றும் ஒன்றாகப் போகும். கழற்றிய துளைகளுக்கு ரப்பர் மூடி, ஹேண்ட்செட்டுக்கு மூடிய பெட்டி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை இரண்டு.